ஐந்து நொடி பிந்திய குரல்

மூன்று நாளாக முயன்றும் அந்த டிவிடியிலிருந்து ஒரு சொல்லைக்கூட ஆரோக்கிய ஷீலாவால் வெளியே எடுக்க முடியவில்லை. எடிட்டிங் சாப்ட்வேரில் படம் மட்டும் பளிச்சென்று வந்தது. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் வாயசைத்தார்கள், சிரித்தார்கள், கர்ப்பிணிப் பெண்ணின் கையில் வளையலை ஏற்றினார்கள். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல ஓசையில்லாமல் நடந்தது.

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய எடிட்டிங் அறை. கணவன் பெனோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை என்று ஓடுவான். அவன் பிடித்துவருவதை வெட்டி ஒட்டிக் கேசட்டாக்குவது ஷீலாவின் வேலை. இரண்டு வீடியோ டெக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய காலம் போய், கம்ப்யூட்டர் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீட்டு விசேஷத்தை டிவிடியில் பதிந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது, 1999 செப்டம்பரில், அதுதான் முதல் தடவை.

கொண்டுவந்தவள் மானகிரி நாகவல்லி டீச்சர். அவளுடைய தம்பி கதிரவன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். இரண்டாயிரம் பிறக்கும்போது எல்லா கம்ப்யூட்டரும் தேதி தடுமாறிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த வருடம் அது. அதைச் சரிசெய்கிற வேலை என்பதால் அவனுக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. மனைவி அகல்யாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை அங்கேயே, கூடவேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களை வைத்து நடத்தி, படம் பிடித்து, டிவிடியில் பதிந்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான். டிவிடியைப் போட்டுப் பார்க்கும் பெட்டி மானகிரியில் யார் வீட்டிலும் இல்லை.

"ஒண்ணையும் வெட்டாதீக ஷீலா. அங்குட்டு நடந்தது அப்படியே முழுசா வேணும். ஆறு கேசட்டு. சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குறாக," என்றாள் நாகவல்லி. "மொதல்ல எங்கம்மா பாக்கணும். அடுத்த மாசம் ஆறாந்தேதி மெட்ராசுல விசாவுக்கு நாள் குறிச்சுக் குடுத்திருக்காக. பிரசவத்துக்கு அம்மாதான் போறாக. அந்தப் பிள்ளைக்குத் தாயி கெடையாது."

அதனால்தான் ஷீலாவுக்கும் அதை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று இருந்தது. நாலாம் நாள் காலை மதுரைக்குப் போன் போட்டாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக்கொடுத்த சோமு எடுத்தான்.

"அக்கா, டிவிடியில சத்தத்த வேற மாதிரி சுருக்கிக் கட்டி வச்சிருப்பாங்க. நம்ம சாப்ட்வேருக்கு அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரியாது. சத்தத்தத் தனியா உரிச்சு எடுத்து, வேற பைலா மாத்தி, அப்புறம் படத்துக்குக் கீழ வச்சு ஒட்டுங்க. அதுக்கு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, பிளாப்பியில போட்டுப் பஸ்ல குடுத்துவிடுறேன்."

பிளாப்பி மறுநாள் வந்தது. முழு ஒலியையும் ஒரே நீளமாக உரித்தெடுக்க அரை நாள் ஆனது. படத்தை உள்ளே ஏற்றும்போது, ஒரு நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்று சாப்ட்வேர் கேட்டது. அமெரிக்கப் படம் என்றால் முப்பது என்று எங்கோ படித்த ஞாபகம். முப்பது என்று அடித்தாள். ஒலியைக் கீழே வைத்து ஓட்டினாள். "வாங்க வாங்க" என்று வாசலில் நின்ற கதிரவன் வாய் திறக்கவும் குரல் வரவும் கச்சிதமாக இருந்தது. ஷீலா நாற்காலியில் சாய்ந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

படம் ஒரு மணி இருபது நிமிடம் ஓடியது. அவள் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்தாள். கேசட்டில் பதிவு முடியும் நேரத்துக்கு எழுந்துவந்தவள் கடைசி ஒரு நிமிடத்தையும் பார்த்தாள். ஆரத்தி முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். கைகள் ஓய்ந்து, பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் தொடங்கிய பிறகும் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கோ கொஞ்சம் நழுவியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மேசையில் மூன்று ஆவணிக் கல்யாணம் காத்துக்கிடந்தது. அதிலே ஒரு வீட்டார் காலையில்தான் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கைதட்டல் இரண்டு நொடி முன்பின் இருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அட்டையில் பெயர் எழுதி, முதல் கேசட்டை நாகவல்லியிடம் கொடுத்தாள். மற்ற ஐந்தும் அடுத்த வாரம் என்று சொல்லியனுப்பினாள்.

அக்டோபர் நாலாந்தேதி, திங்கட்கிழமை மத்தியானம், நாகவல்லி பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். முகம் கறுத்திருந்தது. உட்காரவில்லை.

"மிச்ச கேசட்டுல ஒரு எடத்த மட்டும் அழிச்சுக் குடுங்க. வேற யாரும் பாக்கக் கூடாது."

"எந்த இடம் டீச்சர்?"

"ஒரு மணி நேரம் தாண்டி வரும். அகல்யா பக்கத்துல இருக்கவ கிட்டப் பேசுற எடம்."

ஷீலா கணினியில் அந்த இடத்தை ஓடவிட்டாள். கேமரா பெண்களின் வரிசையை மெல்லச் சுற்றி வந்து, கன்னத்தில் சந்தனத்தோடு இருந்த அகல்யாவிடம் நின்றது. அவள் தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொன்னாள். ஒரு பெண்குரல் கேட்டது: "மாமியார வரவச்சு என்னத்தக் கண்டோம்? வந்தா ஆறு மாசம் நம்ம நிம்மதி போச்சு. அது பாட்டுக்கு ஊர்லயே கெடக்கட்டும்." அதைத் தொடர்ந்து சிரிப்பு.

"எங்கம்மா இத நாலு பேர வச்சுக்கிட்டுப் பாத்துச்சு," என்றாள் நாகவல்லி. "டிவிய அமத்திட்டு எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருச்சு. நேத்து தம்பி போன் பண்ணுனான். அவன்கிட்ட 'நான் வரல, ஒம் பொண்டாட்டி சொன்னதக் காதால கேட்டுட்டேன், ஊர்லயே கெடந்துக்கிறேன்'னு சொல்லி வச்சிருச்சு. நாளைக்கு ராத்திரி பஸ்சு. டிக்கெட்டு எடுத்து வச்சிருக்கேன். வர மாட்டேங்குது. கெஞ்சிப் பாத்துட்டேன்."

"மருமக குரலு மாதிரிதான் இருந்துச்சாக்கும்?" ஷீலா தயங்கிக் கேட்டாள்.

"அது எங்க வீட்டுல இருந்ததே பதினெட்டு நாளு. அப்புறம் போன்ல 'நல்லாருக்கீங்களா அத்தை'னு ஒரு வார்த்தை. குரலு எங்குட்டு மனசுல நிக்கும்? வாயி அசையுதே, அது போதாதா?"

வெட்டித் தருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்தாள் ஷீலா. படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அவளுக்கு அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது. எடிட்டிங் சாப்ட்வேரை மூடிவிட்டு, டிவிடியை நேராகக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டாள். அதில் படமும் ஒலியும் பதிந்தபடியே வரும்.

அதே இடம். அந்தச் சொற்களைச் சொன்னது பச்சைச் சேலை கட்டிய வேறொரு பெண், அகல்யாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். தன்னுடைய மாமியாரைப் பற்றி யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி முடித்துச் சிரித்த பிறகுதான் கேமரா அகல்யாவிடம் வந்தது. அகல்யா சொன்னாள்: "எங்க அத்தை வந்ததும் அந்த ஜன்னல் ரூம்தான் அவங்களுக்கு. குளிர் தாங்க மாட்டாங்க, ஒரு நல்ல கம்பளி பாத்து வைக்கணும்."

ஷீலா கொடுக்காமல் வைத்திருந்த கேசட் ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். கம்பளி பற்றிய பேச்சு கேசட்டிலும் இருந்தது. ஆனால் அது கேட்கும்போது திரையில் அகல்யா இல்லை, புளியோதரைத் தட்டும் ஓடி விளையாடும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். அந்த நல்ல வார்த்தைக்கு முகமே இல்லாமல் போயிருந்தது.

கைப்பட எழுதிக் கணக்குப் போட்டாள். மதுரைக்கும் போன் போட்டாள். சோமு விஷயத்தைக் கேட்டதும், "அய்யய்யோ, முப்பதுன்னா அடிச்சீங்க? அது முப்பதுக்கு ஒரு மயிரிழை கொறச்சலு அக்கா. நீங்க முப்பதுன்னு சொன்னா படம் கொஞ்சம் வேகமா ஓடும், சத்தம் பின்தங்கிப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மூணரை நொடி," என்றான். படம் முடியும்போது கிட்டத்தட்ட ஐந்து நொடி. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. போகப்போக ஒருத்தர் பேச்சு அடுத்தவர் முகத்தில் போய் விழும்.

பெனோ புதுவயலில் ஒரு நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டு வந்தபோது ஷீலா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெல்ட்டிலிருந்து பாட்டரிகளைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அவுகளே வெட்டச் சொல்லிட்டாக. வெட்டிக் குடுத்துரு. நாம போயி வாயத் தொறந்தா, எடிட்டிங்ல குழப்பிட்டாகன்னு ஊரு பூரா பேராயிரும். அப்புறம் எவன் வருவான்?"

"அந்தப் பொண்ணு சொல்லவே இல்லீங்க. அதுவாட்டுக்குக் கம்பளி வாங்கணும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"குடும்பம்னா நாலும் இருக்கும். ரெண்டு நாள்ல தானா சரியாப் போயிரும். நீ எதுக்கு உள்ள போயி விழுகுற?"

அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய பயம் அவளுக்கும் இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் முப்பதை மாற்றிச் சரியான எண்ணைக் கொடுத்துப் படத்தை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். சரியான கேசட் கையில் இருந்தால்தான் போய்ப் பேசமுடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஒரு பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் மானகிரி. கேசட் இல்லாமலே போய்ச் சொல்லியிருக்கலாம். மத்தியானம் ஒரு முறை செருப்பை மாட்டிக்கொண்டு படிவரை வந்தாள். கீழே ஜவுளிக்கடைக்காரர் யாரிடமோ, "மேல இருக்குற அம்மா வேலைன்னா வேலை, ஒரு பிசிறு இருக்காது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்குத்தான் மானகிரி போய் இறங்கினாள். நாகவல்லி வீட்டில்தான் இருந்தாள். மெட்ராஸ் போவதற்காகப் போட்ட லீவு, போகாமலே வீணாகிக்கொண்டிருந்தது. ஷீலா வாசலில் நின்றபடியே சொல்லிமுடித்தாள். நாகவல்லி படியிறங்கி அவளருகே வந்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்று காலைதான் என்று சொல்லிவிட ஒரு கணம் நாக்கு எழுந்தது.

"திங்கக்கிழமையே தெரிஞ்சு போச்சு டீச்சர். நீங்க வந்துட்டுப் போன கொஞ்ச நேரத்துல. பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

நாகவல்லி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நேத்து வந்து சொல்லியிருந்தா ராத்திரி பஸ்ஸுல ஏத்தியிருப்பேனே. இந்நேரம் அம்மா அங்க வரிசையில நின்னுக்கிட்டு இருக்குமே." குரல் உயரவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "சரி, உள்ள வாங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

நாகவல்லியின் அம்மா இருளாயி கொல்லையில் கடலைச்செடி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, காய்ந்து முறுகிய உடம்பு. ஷீலா சொல்வதை நிமிராமல் கேட்டாள். சரிசெய்த கேசட்டைப் போட்டுக் காட்டியபோது மட்டும் வந்து நின்று பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி பேசினாள். அகல்யா கம்பளி பற்றிச் சொன்னாள். இருளாயி உதட்டைப் பிதுக்கினாள்.

"நாகு, நீ சொல்லித்தான இந்தத் தாயி செஞ்சுக்கிட்டு வந்திருக்கு?"

"இல்லம்மா!"

"எனக்கென்ன தெரியாதா? கல்யாண வீடியோவுல மாப்பிள்ளையும் பொண்ணும் மேகத்துல பறக்குறாக, பூவுக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்றாக. அதெல்லாம் அந்தப் பொட்டியிலதான செய்யிறாக? அன்னைக்கு ஒருத்தி வாயில வந்த பேச்சு இன்னைக்கு இன்னொருத்தி வாயில வருது. நாளைக்கு என் வாயிலயே வர வப்பீக."

ஷீலா சென்ற மாதம்தான் ஒரு மணப்பெண்ணைத் தாமரைக்குள் உட்காரவைத்திருந்தாள். அவள் தொழிலே அதுதான். பொய்யைக் கொடுத்தபோது நம்பினார்கள், உண்மையைக் கொண்டுவந்தால் கைவேலை என்கிறார்கள். கிளம்பிவிடலாமா என்று இருந்தது.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. "அம்மா, இத விடுங்க. நீங்க மொதல்ல பாத்த கேசட்டப் போடுவோம். அதுல நான் இன்னைக்கு வரைக்கும் கைவக்கல, ஒங்க வீட்டுலதான் இருக்கு. ஒங்க மகன் குரலு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

நாகவல்லி பழைய கேசட்டைப் போட்டு, கடைசிக்குப் பக்கமாக ஓட்டினாள். பந்தி நடந்துகொண்டிருந்தது. கதிரவன் இலைக்குப் பதில் காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். ஆனால் அப்போது கேட்டது ஏதோ ஒரு குழந்தையின் அழுகை. பிறகு கேமரா திரும்பி, வழுக்கைத்தலையாக ஒரு பெரியவர் அப்பளத்தைக் கடிப்பதைக் காட்டியது. அந்த முகத்தின் மேல் கதிரவனின் குரல் வந்தது: "எங்கம்மா வக்கிற கருவாட்டுக் கொழம்பு இருக்கே..."

இருளாயி டிவிக்குப் பக்கத்தில் போனாள். "மறுபடி போடு."

நாகவல்லி மறுபடி போட்டாள். பெரியவர் அப்பளத்தைக் கடித்தார். கதிரவன் அவருக்குள்ளிருந்து பேசினான்.

"இது எம் மகன் குரலு," என்றாள் இருளாயி. "இந்தாளு வாயில வருது."

அவளே நாகவல்லி கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் மகளிடமே திருப்பிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் முன்னால் போகச் சொன்னாள். ஒரு சில்வர் செம்பு கீழே விழுந்து உருண்டது. அது உருண்டு நின்ற பிறகு ணங்கென்று சத்தம் வந்தது. இருளாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ள... கம்பளி வாங்கணும்னா சொல்லுச்சு?"

"ஆமாம்மா."

"நான் அவன்கிட்ட என்னென்னமோ பேசிப்புட்டேனே. மாசமா இருக்க பிள்ளயப் போயி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷீலா தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருளாயி திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் விடிய வேண்டும் என்பதால் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். ஷீலாவும் ஊருக்குத் திரும்பவில்லை. ஆறரை மணிக்கு மூன்று பேரும் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். கதிரவன் வேலைக்குப் போயிருந்தான். அகல்யாதான் போனை எடுத்தாள். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாததால் இருளாயி பேசியது வெளியே கேட்டது.

"தாயி, நான்தான் அத்தை... இல்ல தாயி, நீ சொல்லலனு தெரிஞ்சு போச்சு. இங்க கேசட்டு பண்ணுனதுல சத்தம் மாறிப்போச்சு... ஆமா... ஆமா... நான் ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமப் போனது ஏந் தப்புத்தான்... அழுகாத தாயி. வயித்துப்பிள்ளைக்கு ஆகாது..." நெடுநேரம் அகல்யா சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "சரி தாயி. ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் நாகவல்லி கேட்டாள். "என்னம்மா சொல்லுச்சு?"

"மூணு நாளா அவன் வீட்டுல பேசலயாம். அது எத்தனையோ சொல்லியும் நம்பலயாம். 'நான் சொன்னா நம்பல, கேசட்டு சொன்னா நம்புறீங்க'ங்குது." இருளாயி ரோட்டைப் பார்த்தாள். "அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

ஷீலா நாலு பேர் பார்க்கிற இடம் என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய மன்னிச்சிருங்கம்மா," என்றாள். இருளாயி கையை உதறவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை. "பஸ்சு வந்திரும், நீ கெளம்பு," என்றாள்.

அந்த வாரத்துக்குள் ஷீலா ஆறு கேசட்டும் புதிதாகப் பதிந்தாள். பழைய கேசட்டைப் பார்த்திருந்த நாலு வீட்டுக்கும் தானே போனாள். ஒவ்வொரு வீட்டிலும் நின்று, தப்பு என்னுடையது, அந்தப் பெண் அப்படிப் பேசவில்லை என்று சொன்னாள். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நம்பாமல் சிரித்தார்கள். பெனோ நினைத்தது நடக்கத்தான் செய்தது. தையில் நடக்க இருந்த ஒரு மானகிரிக் கல்யாணம் தேவகோட்டைக்காரர்களிடம் போய்விட்டது. ஆனாலும் அடுத்த கேசட்டை அவள் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை உட்கார்ந்து பார்த்தபோது, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெனோவும் உட்கார்ந்தான்.

விசாவுக்கு மறுபடி டிசம்பரில்தான் நாள் கிடைத்தது. குழந்தை அதுவரை காத்திருக்கவில்லை.

டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், பழைய பஸ் ஸ்டாண்டில் நாகவல்லியைப் பார்த்தாள் ஷீலா. பார்க்காததுபோலப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் நாகவல்லியே பக்கத்தில் வந்தாள்.

"நவம்பர் ஒம்பது. பொம்பளப் பிள்ள. சிசேரியன். ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாருன்னு நெனக்கிறீக? அந்தப் பச்சச் சேலைக்காரவுகதான். பத்து நாளு வீட்டுலயே வந்து தங்கி, பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டிருக்காக."

"அம்மாவுக்கு விசா?"

"கெடச்சிருச்சு. ஜனவரி எட்டாந்தேதி போறாக. மிளகாப்பொடியும் கருவாடும் கட்டிக்கிட்டு இருக்காக."

ஷீலா கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்துக் கேட்டுவிட்டாள். "அகல்யா இப்ப பேசுறாகளா?"

"பேசுறாக. அளந்து பேசுறாக. அம்மா போயி நேர்ல பாத்தாச் சரியாகும்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. ஆகும், ஆகாம எங்க போகும்." நாகவல்லி பையைத் தோள் மாற்றினாள். "ஒங்க மேல கோவம் இல்லனு பொய் சொல்ல மாட்டேன் ஷீலா. அந்த ஒரு நாளு எனக்கு இன்னமும் ஆறல. ஆனா நீங்க வரலைன்னா எங்கம்மா சாகுற மட்டும் அத நம்பிக்கிட்டு இருந்திருக்கும். அதையும் நெனச்சுக்கிறேன்."

மானகிரி பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, நாகவல்லி ஒரு முறை தலையை ஆட்டினாள். பஸ் திரும்பி மறைந்த பிறகுதான், குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்காமல் விட்டது ஷீலாவுக்கு உறைத்தது.